உம்மா சலாலாவுக்குப் போகத் தோதான மாதம்

எங்கள் உம்மா மஹ்மூதா பீவிக்கு இரண்டு பாஸ்போர்ட் உண்டு. முதலாவது பத்து வருடம் பீரோவில் கல்யாணச் சேலைக்கு அடியில் படுத்துக் கிடந்து, ஒரு முத்திரைகூட வாங்காமல் காலாவதியாகிப் போனது. பத்து வருடத்தில் அதற்குக் கிடைத்ததெல்லாம் பாச்சை உருண்டை வாசம்தான். இரண்டாவது பாஸ்போர்ட்டைப் போன வருடம் எடுத்தோம். அதை எடுத்த அன்றே ஒரு கூத்து. உம்மா இருபது வருடமாகப் பீடி சுற்றுகிறவள். இலையைத் தேய்த்துத் தேய்த்து விரல் வழுவழுவென்று ஆகிவிட்டது. ரேகை எடுக்கும் கண்ணாடியில் எந்த விரலை வைத்தாலும் மிஷின், “விரலை வைக்கவும்” என்றே கேட்டுக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, ஊதி, அழுத்திப் பார்த்ததில் இடக்கையில் இரண்டு விரல் மட்டும் ஒருவழியாகப் பதிந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“என் ரேகையெல்லாம் பீடில சுத்தி அனுப்பிட்டேன் போலலே.”

நான் ஹசன் அலி. இவளுக்கு ஒரே பிள்ளை. வயது பதினேழு. பிளஸ் ஒன்னில் இரண்டு பாடம் பாக்கி, அதில் ஒன்று புவியியல். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இப்போதைக்கு மேலப்பாளையத்தில் ஒரு செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறேன். மற்ற நேரத்தில் என் தொழில் அடுத்தவர்களை ஏமாற்றுவது. போன வருடம் கருப்பந்துறை ஆற்றில் முதலை நீந்துவதுபோல் ஒரு வீடியோ செய்து விட்டேன். இரண்டு நாள் தெருவில் ஒருவரும் ஆற்றுக்குக் குளிக்கப் போகவில்லை. மூன்றாம் நாள் உண்மை தெரிந்து, குளிக்காத இரண்டு நாளுக்கும் சேர்த்து என்னை வைதார்கள். ஆள் குரல் போடவும் வரும். யார் குரலையும் போடுவேன். என் குரல் மட்டும் உடைந்து, எனக்கே யாருடையது என்று தெரியாமல் கிடக்கிறது.

வாப்பா மீரா முகைதீன் ஓமன் நாட்டில் சலாலா என்ற ஊரில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார். நான் பிறப்பதற்கு ஆறு மாதம் முன்னால் போனவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாதம் ஊருக்கு வருவார். ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டும்போது, “அடுத்த வருசம் நீ அங்கன வா மஹ்மூதா” என்பார். உம்மாவும் “வாரேன்” என்பாள். அப்புறம் சுவரில் தொங்கும் பள்ளிவாசல் காலண்டரைப் பார்ப்பாள். நோன்பு மாதம் வரும். பெருநாள் வரும். யாராவது கொழுந்தியாளுக்குப் பிள்ளைப்பேறு வரும். எனக்குப் பரீட்சை வரும், பிறகு நான் ஃபெயிலாவது வரும், பிறகு மறுபடியும் பரீட்சை வரும். உம்மாவின் முதல் பாஸ்போர்ட் சாவதற்கு நானும் என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன்.

இந்த வருடம் ஏப்ரலில் வாப்பா வழக்கமில்லாமல் நாள் கேட்டார். கடைக்கார அரபி விசாவுக்குச் சம்மதித்துவிட்டாராம். மூன்று வாரம். எந்த மாதம் என்று சொன்னால் எழுதிக் கொடுத்துவிடுவாராம்.

“எப்ப வேணாலும் வா. ஜூலை கடைசியில வந்தா நல்லா இருக்கும்” என்றார்.

உம்மா அன்றைக்கே பீரோவைத் திறந்தாள். பழைய பெட்டியை இறக்கித் துடைத்தாள். அதன் சக்கரம் ஒன்று உருளாது என்று தெரிந்ததும் என்னிடம் கொடுத்து, “இத உருள வையிலே” என்றாள். நான் எண்ணெய் விட்டேன். பெட்டி முன்னறைக்கும் அடுப்படிக்கும் இடையில் சத்தமில்லாமல் உருண்டது. உம்மா அதை இரண்டு தடவை அங்கும் இங்கும் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆனது. காலையில் தின்ற ஆப்பம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம்தான் நான் என் வாழ்க்கையின் மிகக் கேவலமான குறும்பைச் செய்தேன்.

எங்கள் தெருவில் அலி அஸ்கர் மாமா என்று ஒருவர் இருக்கிறார். சொந்த மாமா இல்லை. உம்மா அவரை “அண்ணே” என்பதால் எனக்கு மாமா. இருபத்திரண்டு வருடம் சவுதியில், தம்மாம் நகரத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கடல் தாண்டிய விஷயம் எதுவானாலும் தெருவில் அவரைத்தான் கேட்பார்கள். எங்கள் தெருவுக்கு அரபு நாடு என்றால் ஒன்றுதான்; துபாய், தோஹா, மஸ்கட் எல்லாவற்றுக்கும் பெயர் சவுதி. சலாலாவில் இருக்கிற என் வாப்பாவையும் “சவுதிக்காரர்” என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். புவியியல் பாக்கி என்று சொன்னேன் இல்லையா.

மாமா தன் போனுக்குக் கண்ணாடி ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு லுஹர் தொழப் போனார். ஒட்டி முடித்தேன். போன் கையில் இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. அவர் போனிலிருந்து, அவர் குரலில், உம்மாவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன்:

“ஏ தங்கச்சி மஹ்மூதா, அஸ்கர் அண்ணன் பேசுதேன். ஜூலை மாசம் அங்கன போயிராத, சொல்லிட்டேன். நான் தம்மாம்ல இருக்கும்போது ஒரு ஜூலைல ரோட்ல முட்டை ஒண்ணு கீழ விழுந்துட்டு. குனிஞ்சு எடுக்கதுக்குள்ள ஆம்லேட்டு! வெங்காயம்தான் பாக்கி. செருப்பு ரோட்டோட ஒட்டிக்கிட்டு, நான் மட்டும் ரூமுக்கு வந்து சேந்தேன். ஒட்டகமே தாங்காம பஸ் ஸ்டாப்பு நெழல்ல வந்து ஒக்காந்துக்கிடும், நாம நிக்க எடமிருக்காது. டிசம்பர்ல போ. இல்ல, போகாமக்கூட இரி. ஜூலை மட்டும் வேண்டாம்.”

அனுப்பிவிட்டு மாமா போனில் மட்டும் அதை அழித்தேன். அவர் வந்து போனை வாங்கி, கண்ணாடியைத் தடவிப் பார்த்து, “சுத்தமா ஒட்டியிருக்கலே” என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. உம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றும் ஷரீபா பெரியம்மா பக்கத்து வீடு. அவள் கேட்டால் தெரு கேட்டது மாதிரி. முட்டை ஆம்லேட்டான கதை எனக்கு முன்னால் முக்குக் கடை வரை போயிருந்தது. உம்மா வாப்பாவுக்கும் போன் செய்து, “ஜூலை வேண்டாம், டிசம்பர் பாப்போம்” என்று சொல்லி முடித்திருந்தாள். பெட்டி பீரோவுக்கு மேலே ஏறியிருந்தது.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். “டிசம்பர்ல குளிரும்லாம்மா, ஸ்வெட்டர் வாங்கணும்” என்று சொல்லி மூடிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம் என் போன் அடித்தது. வாப்பா. அவர் எப்போதும் உம்மா போனுக்குத்தான் கூப்பிடுவார். எனக்கு நேராகக் கூப்பிட்டால் ஒன்று பரீட்சை முடிவு, இல்லையென்றால் மௌத்து, அதாவது சாவுச் செய்தி. பரீட்சை எதுவும் எழுதவில்லை என்பதால் பயந்துகொண்டே எடுத்தேன்.

“லே ஹசன், ஒங்க உம்மாட்ட சொல்லாத. சும்மா ஒன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு” என்றார்.  பிறகு பைய ஆரம்பித்தார்.

வாப்பா அங்கே ஒரே அறையில் ஐந்து பேரோடு தங்கியிருக்கிறார். கூட வேலை பார்க்கும் யூனிஸ் என்ற மலையாளிக்கு மட்டும் குடும்பத்தோடு தனி வீடு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடும் ஜூலை, ஆகஸ்டில் அவர்கள் மலப்புறம் போவார்கள். அந்த வீட்டுச் சாவியைத் தருகிறேன் என்று யூனிஸ் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் அந்த வீடு கிடையாது. அதற்குப் பிறகும் கிடையாது, யூனிஸ் இந்த வருடத்தோடு வேறு ஊருக்கு மாறுகிறார். விசாவுக்கு எழுதிக்கொடுக்க இந்த மாதக் கடைசிதான் கெடு.

“இத உம்மாட்ட சொல்ல வேண்டியதுதான வாப்பா?”

“சொன்னா பொறுத்துக்கிட்டு வாரேம்பா. சூட்டுல வெந்தாலும் வருவா. அப்பிடி ஒண்ணும் வர வேண்டாம்லே. ஏற்கெனவே நெறயப் பொறுத்தாச்சு.”

“அங்கன சூடுதான?”

“எங்கலே சூடு? ஜூலைல இங்கன சாரல். நான் சொன்னேன். ஒங்க உம்மா, ‘அஸ்கர் அண்ணனே சொல்லிட்டாவ, நீங்க மறைக்கிய’ன்னுட்டா. அவ மேலயும் குத்தமில்ல. காய்ச்சல்ல கெடக்கும்போதுகூட நல்லாருக்கேன்னுதான் பதினேழு வருசமாச் சொல்லுதேன். இப்ப நெசமாவே நல்லாருக்கு, நம்ப மாட்டேங்கா.”

பிறகு போன ஜூலையில் எடுத்த ஒரு வீடியோ அனுப்பினார். மலை முழுக்கப் பச்சை. மேகம் ரோட்டில் இறங்கி நடக்கிறது. தூறல். ஓரத்தில் தென்னையோலைக் கடையில் இளநீர்க் குலை, வாழைத்தார். பார்த்ததும் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழி என்றே நினைத்தேன். அப்போது மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஒட்டகம் நனைந்துகொண்டே வந்து ரோட்டைக் கடந்தது.

நம் மேற்கு மலையில் மோதி குற்றாலத்தில் சாரலாகத் தெறிக்கிறதே, அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கேயும் போகிறதாம். மற்ற அரபு நாடெல்லாம் சட்டியாகக் காயும்போது அந்த ஓர் ஊர் மட்டும் மூன்று மாதம் நனையுமாம். எனக்கு இரண்டு பாடம் பாக்கி என்பது தப்பு. எனக்குப் பாக்கி இல்லாத பாடம் எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

போனை வைப்பதற்கு முன்னால் வாப்பா ஒன்று சொன்னார். கல்யாணமான வருடம் அவரும் உம்மாவும் குற்றாலம் போனார்களாம். சாயங்கால அஸர் தொழுகைக்குள் திரும்பி வரவேண்டும் என்று வீட்டில் உத்தரவு. அருவிக்குப் போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. உம்மா படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாளாம். வாப்பா பிடித்த குடை காற்றில் மடங்கி, உள்ளே வெளியே தெரியாமல் போய்விட்டதாம். “இன்னொரு நாள் நல்லா நனையலாம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். அந்த நாளு வரவே இல்லலே” என்றார். கண்ணாடி ஒட்ட வந்தவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் காது கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். உம்மா முன்னறையில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஷரீபா பெரியம்மா. வீடியோவைக் காட்டினேன்.

“உம்மா, இதுதான் சலாலா. ஜூலைல எடுத்தது.”

உம்மா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே பார்த்தாள். “குத்தாலத்துல ஒட்டகத்த வெட்டி ஒட்டியிருக்க. வால்கிட்ட சரியா ஒட்டலலே.”

“நெசமாம்மா!”

“மொதலையும் நெசம்னுதான சொன்ன?” என்றாள் ஷரீபா பெரியம்மா. “ரெண்டு நாளு குளிக்காமக் கெடந்தேன், பாவி.”

சரி, குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் வழி என்று அஸ்கர் மாமாவையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். எல்லார் முன்னாலும் சொன்னேன்: “உம்மா, அந்தக் கொரலு மாமா பேசினதில்ல. நான் போட்டது.”

மாமா விட்டுக் கொடுத்தால்தானே! பத்து நாளாகத் தெருவே அவரை நிறுத்தி வைத்து ஆம்லேட் கதை கேட்கிறது. அவரும் முட்டை இரண்டு என்று கூட்டி, செருப்புக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

“ஏலே, போடா! நான்தான் சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்குல்லா?”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தே ஆரம்பித்தேன். “ஏ தங்கச்சி மஹ்மூதா, அஸ்கர் அண்ணன் பேசுதேன்...” ஒரு சொல் விடாமல் வெங்காயம் வரை போனேன். ஷரீபா பெரியம்மா சிரித்த சிரிப்பில் சுளகு கவிழ்ந்து, பீடித்தூள் பாயெல்லாம் பரவிக் கிடந்தது. மாமா தன் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

“என் தொண்ட இவ்வளவு கரகரப்பாவாலே இருக்கு?” என்றார் கடைசியில். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “தங்கச்சி, தம்மாம் சூடு நெசம். சலாலா நான் பாத்ததில்ல. எங்க கம்பெனில ஒரு ஓமன்காரன் இருந்தான். ‘ஜூலைல எங்க ஊருக்கு மழ பாக்க அரபு நாடே வரும்’பான். புளுகுதான்னு நெனச்சேன்.”

உம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“ஏன்லே செஞ்ச?”

“சும்மா, வெளையாட்டுக்கு.”

“ஏன் செஞ்ச?”

இரண்டாம் தடவை கேட்டால் உம்மாவிடம் பொய் நிற்காது. பெட்டி உருண்டதைப் பார்த்ததிலிருந்து வயிறு ஒரு மாதிரி இருந்ததைச் சொன்னேன். பதினேழு வருடத்தில் அவள் இல்லாமல் நான் ஒரு நாள்கூட இருந்ததில்லை என்பது பெட்டி உருண்டபோதுதான் எனக்கே தெரிந்தது என்று சொன்னேன். மீசை முளைத்த ஒருவன் இதை மூன்று பேர் முன்னால் சொல்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாப்பா சொல்லவேண்டாம் என்ற யூனிஸ் வீட்டு விஷயத்தையும், குடையையும், மாதக் கடைசிக் கெடுவையும் அதே மூச்சில் கொட்டிவிட்டேன். ரகசியம் காக்கும் பாடத்திலும் ஃபெயில்.

உம்மா எழுந்து போய் காலண்டரைப் புரட்டினாள். ஜூலைக் கடைசியில் விரல் நின்றது.

“ஸபர் மாசம்லா” என்றாள்.

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் ஸபரைப் பீடை மாதம் என்பார்கள். கல்யாணம், வீடு குடிபோவது, பயணம் எதுவும் அதில் வைக்கமாட்டார்கள்.

“மாசத்துல நல்லது கெட்டது கெடையாதுன்னு பள்ளிவாசல் அசரத்து பயான்ல சொல்லுதாவள்லா?” என்றாள் ஷரீபா பெரியம்மா.

“அசரத்துக்கென்ன, அவுக வீட்டோட இருக்காவ” என்றாள் உம்மா. “இவங்க வாப்பா போனது ஸபர்ல. விசா வந்துட்டுன்னு எல்லாரும் தடுக்கத் தடுக்கப் போனாவ. ரெண்டு வருசத்துல வாரேன்னாவ, நாலு வருசமாச்சு. வரும்போது இவன் வாசல்ல நின்னுக்கிட்டு, ‘யாரு வேணும்?’னு கேட்டான். அவுக பதில் சொல்லத் தெரியாம பெட்டியோட நின்னாவ.”

இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. அந்த வயதிலேயே நான் ஆள் பார்த்துப் பேசத் தெரியாதவன் என்பது மட்டும் புரிந்தது.  

உம்மா காலண்டரில் இன்னொரு தாளைப் புரட்டினாள். “ஒடுக்கத்துப் புதன் என்னைக்கு வருது, பாருலே.”

ஸபரின் கடைசிப் புதன்கிழமை அது. அன்றைக்கு எங்கள் ஆட்கள் ஆற்றுக்குப் போய்க் குளித்து, வெறுங்காலோடு புல்லை மிதித்துவிட்டு வருவார்கள். அந்த மாதப் பீடை தண்ணீரோடு போய்விடும் என்று நம்பிக்கை. உம்மா ஒரு வருடம்கூட விட்டதில்லை. எண்ணிப் பார்த்தேன். அவள் சலாலாவில் இருக்கும் மூன்று வாரத்துக்குள் அந்தப் புதன் வந்தது.

உம்மா வாப்பாவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தாள். சலாம்கூடச் சொல்லவில்லை.

“அங்கன ஆறு இருக்கா?”

“என்னது?”

“ஆறு, ஓடை, எதுவும் இருக்கா?”

“இருக்கு. தர்பாத்னு ஒரு எடம். மழைக்கு ஓடும்.”

“ஓடுத தண்ணிதான? தேங்கிக் கெடக்கலியே?”

“ஓடுதுதான்.”

“பக்கத்துல புல்லு?”

“இடுப்பளவு கெடக்கு. ஏன் கேக்க?”

“ஜூலைக் கடைசியில வாரேன். எழுதிக் குடுத்துருங்க.”

 வாப்பா, “கொடை ஒண்ணு எடுத்துட்டு வா மஹ்மூதா” என்றார். “பெருசா. மடங்காததா.”

நான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். அழுகிற மாதிரி முகம் இருந்ததால் இறங்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொண்டேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உம்மா போனபோது, பெட்டி அழகாக உருண்டது. குடை மட்டும் பெட்டிக்குள் அடங்காமல் கையில் இருந்தது. திரும்பிப் பார்த்து, குடையாலேயே, “போலே, போலே” என்று விரட்டினாள்.

அந்த மூன்று வாரமும் மதியம் ஷரீபா பெரியம்மா சோறு போட்டாள். காலையில் நானே ஆம்லேட் போட்டுக்கொண்டேன். ரோட்டில் தானாக வேகும் முட்டை என் சட்டியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. என் கற்பனையே என்னைப் பழிவாங்கியது.

ஒடுக்கத்துப் புதன் மதியம் வீடியோவில் கூப்பிட்டார்கள். கடையில் இருந்தேன், பக்கத்தில் அஸ்கர் மாமா. தூறல். உம்மா ஓடைக்குள் பர்தாவோடு முழங்கால் வரை இறங்கி, தலை வழிய நனைந்து நின்றாள். குடையைக் காணோம். கேட்டதற்கு, “அது கரைல கெடக்கு. யாருக்கு வேணும் இப்ப?” என்றாள்.

மாமா எட்டிப் பார்த்தார். “நான் அப்பவே சொன்னேம்லா தங்கச்சி, ஜூலைல போன்னு!” என்றார். அவர் குரலில் நான்கூட இவ்வளவு தைரியமாகப் பேசியதில்லை.

“சாப்டியாலே?” என்று உம்மா கேட்டாள். வாப்பா பக்கத்தில் வந்து நின்றார், அவரும் தொப்பலாக நனைந்து. இத்தனை வருடத்தில் போனுக்குள் எப்போதும் ஒருவர்தான் இருப்பார். இன்னொருவர் வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார். இன்றைக்கு இரண்டு பேரும் உள்ளே. நான் மட்டும் வெளியே.

“சாப்ட்டேன், நல்லா இருக்கேன்” என்றேன். வாப்பா அதைக் கேட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் பதினேழு வருடமாகச் சொல்லும் அதே வசனம் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அந்தப் படத்தைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டேன். சரியாக நான் அமுக்கும் நேரம் பார்த்துப் பின்னால் ஓர் ஒட்டகம் வந்து, வாலைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தெருவில் காட்டினால் ஒருவரும் நம்பவில்லை. வால்கிட்ட சரியாக ஒட்டவில்லையாம்.